அலகின் வியப்பும் அடியாரின் விரதமும்

தைப்பூசத் திருநாளன்று பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் இருவகைக் கூட்டத்தைக் காணலாம். பால்குடமும் காவடியும் ஏந்திப் படியேறும் அடியார் கூட்டம் ஒன்று. படக்கருவி ஏந்தி அவர்களைச் சூழ்ந்து வரும் கூட்டம் மற்றொன்று. மறுநாள் செய்தித்தாள்களிலும், இன்று கைப்பேசித் திரைகளிலும் பெரிதாக வருவது பெரும்பாலும் ஒரே படந்தான்: கன்னத்தை ஊடுருவி நிற்கும் வேல். அதன் கீழே எழுதப்படுவதும் இரண்டில் ஒன்றாகவே இருக்கும். "குருதி இல்லை, வலியும் இல்லை, அறிவியலுக்கு எட்டாத அற்புதம்" என்பார் ஒருவர். "இருபத்தோராம் நூற்றாண்டிலும் இப்படியொரு கொடூரமா?" என்பார் இன்னொருவர்.

இவ்விரு கூற்றுகளும் எதிரெதிரானவை போலத் தோன்றும். ஆயினும் இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. மேற்கொண்டு கேள்வி கேட்க இடமில்லாமல் இரண்டும் கதவைச் சாத்திவிடுகின்றன. விளங்காத ஒன்றைக் கண்டு, "இது எவ்வாறு நிகழ்கிறது?" என்று பணிவோடு கேட்பவனுக்கு இவர்களில் எவரிடமும் இடமில்லை.

இதற்குத் தக்க சான்று 1995ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் நிகழ்ச்சி. தில்லியில் ஓர் ஆலயத்தில் விநாயகர் திருவுருவம் கரண்டியில் ஊட்டிய பாலை அருந்தியதாகப் புலர்காலையில் எழுந்த செய்தி, அன்றைய பொழுதுக்குள் இந்தியா முழுவதும் பரவியது. இங்கிலாந்து, கனடா முதலிய நாடுகளின் ஆலயங்களிலிருந்தும் அதே செய்தி வந்தது. இந்திய அரசின் அறிவியல் துறையினர் பாலில் வண்ணம் கலந்து ஊட்டிப் பார்த்தனர். பாலின் பரப்பு இழுவிசை அதைக் கரண்டியிலிருந்து மேலே இழுக்க, மெல்லிய படலமாகச் சிலையின் முன்புறத்தில் அது வழிந்திறங்கியதை வண்ணம் காட்டிக் கொடுத்தது.

விளக்கம் கிடைத்துவிட்டது. ஆனால் அன்று கெட்டுப்போனது வேறொன்று. வரிசையில் நின்றவரெல்லாம் மூடர் என்றனர் சிலர். வண்ணம் கலந்து பார்த்தவரெல்லாம் தெய்வ நிந்தனை செய்தவர் என்றனர் வேறு சிலர். அந்த நீண்ட வரிசையில் நம்பிக்கையோடு நின்றவர் பலர். "பார்த்துவிட்டு முடிவு செய்வோம்" என்று நின்றவரும் இருந்திருப்பர் அல்லவா? அவர்களைப் பற்றி எழுதுவாரில்லை. பரபரப்பும் பரிகாசமுமே விலைபோயின.

இனி நம் தண்ணீர்மலைக்கு வருவோம். அலகு குத்திய இடத்தில் குருதி பெருகாததற்கு மருத்துவர்கள் கூறும் காரணங்கள் உண்டு. கூரிய மெல்லிய முனை திசுவைக் கிழிக்காமல் விலக்கிச் செல்கிறது. பழகிய கை பெரிய குருதிக் குழாய்கள் இல்லாத இடத்தைத் தேர்கிறது. உணர்ச்சிப் பெருக்கில் சிறு குழாய்கள் சுருங்குகின்றன. வலியைத் தணிக்கும் பொருள்களை உடலே சுரக்கிறது. இவற்றைக் கேட்டு நம் பக்தி குன்றிவிடுமா? கரு உருவாகும் முறையை மருத்துவர் விளக்கியதால் பிள்ளைப் பேற்றைத் தெய்வத்தின் கொடை என்று தாய் கருதுவது நின்றுவிட்டதா?

நல்ல கேள்வி கேட்டவர்களுக்கு நல்ல விடைகள் கிடைத்திருக்கின்றன. கொலீன் வார்டு என்ற உளவியலாளர் மலேசியத் தைப்பூசத்தில் அடியார்க்கு அருள் வரும் நிலையைப் பற்றி 1984இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். எலிசபெத் ஃபுல்லர் காலின்ஸ் பினாங்கிலேயே தங்கி ஆராய்ந்து 1997இல் நூலொன்று வெளியிட்டார். அலகின் நீளத்தை அளப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. சமுதாயத்தில் தாழ்த்தி வைக்கப்பட்டோர்க்கு அந்த நேர்த்திக்கடன் தரும் தன்மதிப்பையும் மீட்சியையும் கருத்தில் கொண்டார்.

மொரீசியசில் காவடி எடுத்த நம்மவரின் உடலில் அளவுக் கருவிகளைப் பொருத்தி நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. உடலுக்குக் கேடு காணப்படவில்லை; மனநலம் மேம்பட்டிருந்தது; நெடுநாள் நோயால் வருந்துவோரும் வறியோருமே கடுமையான வேண்டுதல்களை மிகுதியாக மேற்கொண்டிருந்தனர் என்று அது கூறியது.

இன்னும் வியப்பானது 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஸ்பெயின் நாட்டுச் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் தீமிதி உண்டு. அங்கே மிதிப்பவரின் இதயத் துடிப்பையும், பார்த்து நிற்பவரின் இதயத் துடிப்பையும் ஒருங்கே பதிவு செய்தனர். உற்றார் உறவினரின் துடிப்பு மிதிப்பவரின் துடிப்போடு ஒத்துச் சென்றது. வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவரின் துடிப்பு அவ்வாறு ஒத்துச் செல்லவில்லை.

காவடிக்கு முன்னால் "வேல் வேல்" என்று தொண்டை கட்டக் குரல் கொடுத்து, கையில் தண்ணீர்க் குவளையோடு நடக்கும் தாய்க்கும் தமக்கைக்கும் இது புதுச் செய்தியன்று. உறுமியோசையில் அவர்கள் நெஞ்சும் சேர்ந்தே துடிப்பதை அவர்கள் அறிவார்கள். "அற்புதமா, கொடூரமா?" என்று மட்டும் கேட்ட எவருக்கும் இந்த உண்மை புலப்பட்டதில்லை.

"நம்பிக்கை இருக்க ஆராய்ச்சி எதற்கு?" என்று அன்பர் சிலர் வினவலாம். நம் மரபே அற்புதங்களின் மீது கோயில் கட்டவில்லை என்பதே விடை. சித்திகள் சமாதிக்கு இடையூறு என்று யோகசூத்திரத்தில் பதஞ்சலி எச்சரித்தார். தாயுமானவரோ செயற்கரிய சித்திகள் பலவற்றை அடுக்கிவிட்டு, மனத்தை வசப்படுத்துவதே அவற்றினும் கடினம் என்றார். காவடியின் தொடக்கமாக நாம் போற்றும் இடும்பன் வரலாற்றிலும், இரு மலைகளைத் தூக்கிய வலிமையைவிட, இறுதியில் முருகனடியில் சரணடைந்த பணிவே பெரிது.

இது வெறும் சொற்போர் அன்று. நம் பிள்ளைகளின் உடலும் உள்ளமும் இதில் அடங்கியுள்ளன. அற்புதம் என்று மட்டும் சொல்லிப் பழகினால், தூய்மை செய்யாத ஊசியைப் பலருக்குப் பயன்படுத்துவோரைத் தட்டிக் கேட்க மாட்டோம். குருதி வழிப் பரவும் மஞ்சள் காமாலைக்கு விரதமிருந்தவர் யார், இல்லாதவர் யார் என்று தெரியாது. நீரிழிவு உள்ளவருக்குப் புண் ஆற நாளாகும் என்பதையும் மறந்துபோவோம். படக்கருவி தேடி வருகிறதென்று அலகின் நீளத்தில் போட்டியும் மூளும். மறுபுறம், கொடூரம் என்று மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, தந்தையின் நேர்த்திக்கடனைப் பள்ளித் தோழரிடம் சொல்லக் கூசும்.

ஆதலின் செய்தியாளர்க்கு ஒரு வேண்டுகோள். வேலைப் படமெடுத்தபின் அடியாரிடம் இரண்டு வினாக்கள் கேளுங்கள்: எத்தனை நாள் விரதமிருந்தீர்? எதற்காக வேண்டிக்கொண்டீர்? படத்தின் கீழ் அவ்விடைகளையும் எழுதுங்கள். ஆலயப் பொறுப்பாளர்களே! நல்லெண்ணத்தோடு ஆராய வருவோரை ஐயத்தோடு நோக்காதீர்கள். அலகு குத்துமிடத்தில் மருத்துவரையும் அமர்த்துங்கள். அன்பர்களே! எங்கோ கண்டதென்று வரும் அற்புதப் படங்களை ஆராயாமல் பிறர்க்கு அனுப்பாதீர்கள். பொய்யென்று வெளிப்படும் ஒவ்வொன்றும் மெய்யான பக்தியின் மீதும் பழி சேர்த்துவிடும்.

வேலை ஞானத்தின் வடிவம் என்றே பெரியோர் போற்றினர். அதை ஏந்தி மலையேறும் நாம் ஒரு கேள்விக்கு அஞ்சலாமா? தண்ணீர்மலை வேலவன் தெளிந்த அறிவையும் தளராத பக்தியையும் நம் அனைவர்க்கும் அருள்வானாக.