மிகச் சிறியது எங்கே?

தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் குடை வாங்கச் செல்லும் நம் அன்னையரை நாம் கவனித்திருப்போம். முதற்கடையில் விலை கேட்டு மனத்தில் இருத்துவர். அடுத்த கடையில் விலை குறைவெனில் பழையதை மறந்து புதியதை நினைவிற் கொள்வர். இல்லையேல் பழையதே நிற்கும். கடைசிக் கடையையும் கேட்டு முடித்ததும், எந்தக் கடைக்குத் திரும்புவது என்பது தெரிந்துவிடும்.

கணினியும் இதையே செய்கிறது. எல்லோரும் எடுத்தாளும்படி முன்னரே எழுதி வைத்த செயல்முறைகளின் தொகுப்பை நூலகம் என்பர். சி பிளஸ் பிளஸ் மொழியின் நூலகத்தில் 'மின் எலிமென்ட்' என்றொரு செயல்முறை உண்டு. அலெக்சாண்டர் ஸ்டெப்பனோவும் மெங் லீயும் உருவாக்கிய தொகுப்பின் வழியே வந்த இது, 1998-இல் வெளியான உலகத் தர வரையறையில் இடம்பெற்றது. இது மிகச் சிறியதன் மதிப்பைத் தருவதில்லை. அது இருக்கும் இடத்தைச் சுட்டுகிறது. விலை மட்டும் தெரிந்து, கடை தெரியாவிட்டால் என்ன பயன்?

இதிலிருந்து நம் வகுப்பறைக்கும் ஒரு பாடம் உண்டு என்பது நம் கருத்து. நாற்பது மாணவியர் உள்ள வகுப்பில் கணிதத்தில் மிகவும் பின்தங்கியவரைக் கண்டறிய 39 ஒப்பீடுகள் போதும். அதற்குக் குறைவாகவும் இயலாது. மற்ற 39 பேரும் கடைசியல்லர் என்று ஒருமுறையேனும் தெரிய வேண்டுமன்றோ? ஆனால் நாற்பது பேரையும் முதலாவது, இரண்டாவது என வரிசைப்படுத்த, ஒவ்வொருவரையும் மற்ற ஒவ்வொருவருடனும் ஒப்பிட்டால் 780 ஒப்பீடுகளாகும். எத்துணைத் திறமையான முறையிலும் கடினமான நிலையில் 160-க்குக் குறையாது.

உதவி தேவைப்படுபவரைக் காண்பதே நோக்கமாயின், எல்லோருக்கும் 'ரேங்க்' எண் இடுவானேன்? 2017-இல் தமிழக அரசு பொதுத் தேர்வுகளில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. வகுப்புகளிலும் அது தொடர வேண்டுமென விரும்புகிறோம். போட்டி இருந்தால்தான் ஊக்கம் பிறக்கும் என்பார் உண்டு. முதல் சிலருக்கு அது மெய்யாகலாம். முப்பத்தெட்டாவது இடத்தில் இருப்பவளுக்கு அந்த எண் என்ன கற்றுத் தருகிறது?

எனினும் செயல்முறையை மட்டும் நம்பியிருத்தலும் தகாது. இருவர் சமமாகப் பின்தங்கியிருப்பின், வரிசையில் முன்னே நிற்பவரை மட்டுமே அது சுட்டும், மற்றவர் விடுபட்டுப்போவார். அவரும் நம் தோழியல்லவா? ஒருவருமில்லாத வகுப்பில் தேடச் சொன்னால், வரிசையின் முடிவைக் காட்டும். அங்கே ஆள் இருப்பதாக எண்ணினால் பிழை நேரும். எதைச் சிறியது எனக் கொள்வது என்னும் விதியையும் நாமே எழுதிக் கொடுக்கலாம். மதிப்பெண்ணால் ஒப்பிட்டால் ஒருவர் வருவார். வருகை நாட்களால் ஒப்பிட்டால் வேறொருவர் வருவார்.

இருக்கையைச் சுட்டுவதுடன் கணினியின் வேலை முடிகிறது. அங்கே அமர்ந்திருப்பவளுக்குக் காய்ச்சலா, வீட்டில் அன்னைக்கு உடல்நலமில்லையா, பாடமே விளங்கவில்லையா என்று அருகில் சென்று கேட்பது நம் வேலை. அதற்கான செயல்முறை எந்த நூலகத்திலும் இல்லை. தோழியரே, அதை நாமே கற்றுக்கொள்வோமாக!