கையிலே ஒரு காவல்காரன்!

சர்க்கரை வியாதியைப் "பணக்கார வியாதி" என்று சொன்ன காலம் மலையேறிவிட்டது. இன்று கும்மிடிப்பூண்டி ரெயிலில் சோற்று டப்பாவும் கையுமாக இடிபட்டுப் போகிற தொழிலாளியின் சட்டைப் பையிலும் சர்க்கரை மாத்திரை இருக்கிறது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு இந்த வியாதி என்று 2023-ல் வெளியான பெரிய ஆய்வு கூறியது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு சுமார் 14 பேர்!

இந்தத் தொழிலாளிக்குத்தான் ஆபத்து அதிகம். ஏன்?

ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் இரவு ஷிப்டு. சாப்பாட்டு நேரம் மாறுகிறது. ஆனால் இன்சுலின் ஊசி, மாத்திரையின் வேகம் மாறுவதில்லை. வயிறு காய்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை விழுந்துவிடும். 70-க்குக் கீழே போனால் கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும். வீட்டில் இருப்பவருக்கு அந்த வியர்வை ஓர் எச்சரிக்கை. இரும்பு உலையின் முன் நிற்பவருக்கு? அங்கே எல்லோருக்கும்தானே வியர்க்கிறது! மயங்கி விழுந்த பிறகுதான் விஷயம் தெரியும்.

இதற்காகவே ஒரு கருவி வந்திருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வில்லை. மேல் கையில் ஒட்டுகிறார்கள். அதன் அடியில் மயிரிழை போன்ற முனை தோலுக்குள் இறங்கி நிற்கும். தோலின் கீழே ஊறும் நீரில் உள்ள சர்க்கரையைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளந்து செல்போனுக்கு அனுப்பும். சில வகைகள் சர்க்கரை விழும்போது மணி அடித்து எழுப்பும். சுமார் இரண்டு வாரம் உழைக்கும்.

குறையும் உண்டு. அது அளப்பது ரத்தத்தை அல்ல. ஆகவே சில நிமிடம் பின்தங்கியே காட்டும். உடம்பு ஒன்று சொல்லி, கருவி வேறொன்று காட்டினால், விரலில் குத்திப் பார்த்துவிட வேண்டும். தோலைத் துளைக்காமலே சர்க்கரையை அளக்கும் கைக்கடிகாரம் என்று விற்கிறார்களே, அதை நம்பாதீர்கள். அமெரிக்க அரசின் மருந்துத் துறையே 2024-ல் அதை எச்சரித்திருக்கிறது.

விலைதான் இடிக்கிறது. இரண்டு வாரத்துக்குச் சில ஆயிரம் ரூபாய்! எந்தத் தொழிலாளி குடும்பம் தாங்கும்? மாத்திரை மட்டும் சாப்பிட்டு, சர்க்கரை கட்டுக்குள் இருப்பவருக்கு இது ஓயாமல் தேவையில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு இரவு ஷிப்டு பார்ப்பவருக்குத் தேவை.

1948-லேயே சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு கண்ட மாநிலம் இது. 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. இன்சுலின் போடும் ஷிப்டு தொழிலாளிக்கு, வருஷத்தில் சில வாரமாவது இந்த வில்லையை ஈ.எஸ்.ஐ. செலவில் ஒட்டினால் என்ன? எந்த நேரத்தில் சர்க்கரை விழுகிறது என்று தெரிந்தால், டாக்டர் மருந்தை மாற்றிவிடுவார்.

ஆலை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. மணி அடித்தால், அந்த ஆள் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் உட்கார வேண்டும். அந்தக் கால் மணிக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.