பேட்டரிக்கும் டயருக்கும் ஒரே கணக்கா?

யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதை நம் நாட்டில் பழைய கதை. மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் விஷயத்தில் அது புது வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே அங்குசத்தின் விலை என்ன என்பதையே யாரும் சரியாகச் சொல்வதில்லை.

ராமநாதபுரத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் மின்சாரக் கார் வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரந்தோறும் ராமேஸ்வரம் போய்வர வேண்டியவர். போக 55 கிலோமீட்டர், வர 55 கிலோமீட்டர். பெட்ரோலுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. மின்சாரக் கார் என்றால் இரவில் வீட்டிலேயே சார்ஜ் போட்டுவிடலாம். மறுநாள் போய்த் திரும்பிவிடலாம். அவருடைய ஜில்லாவிலேயே, கமுதியில், 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-ல் அமைந்துவிட்டது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத பூமியில் வெயிலிலே கார் ஓட்டுவது நியாயமான ஆசைதான்.

அவர் கடைக்குப் போகிறார். விலை கேட்கிறார், தவணை கேட்கிறார், பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்றும் கேட்கிறார். "இன்ஷூரன்ஸ் எப்படி?" என்றதும், "மின்சாரக் காருக்கு 15 சதவீதம் சலுகை உண்டு, சார்" என்று பதில் வருகிறது. நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகிறார்.

சலுகை எவ்வளவு?

சலுகை இருப்பது மெய்தான். ஆனால் அது எதன்மேல் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

கார் இன்ஷூரன்ஸில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, நம் வண்டியால் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கானது. இதை மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் என்பார்கள். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இதன் பிரீமியத்தை நிர்ணயிப்பது மத்திய சர்க்கார். மற்றொன்று, நம் சொந்த வண்டிக்கு நேரும் சேதத்துக்கானது. இதன் பிரீமியத்தைக் கம்பெனிகளே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று 2007 ஜனவரியில் விட்டுவிட்டார்கள்.

15 சதவீதச் சலுகை முதல் பங்குக்கு மட்டுமே. 2022 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த அட்டவணையில், 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள பெட்ரோல் காருக்கு வருஷ பிரீமியம் ரூ. 3,416. 30 கிலோவாட்டுக்கு மேல் 65 கிலோவாட் வரை சக்தியுள்ள மின்சாரக் காருக்கு ரூ. 2,904. டாடா டியாகோ பெட்ரோல் கார் முதல் வகையில் சேரும். அதே டியாகோவின் மின்சாரக் கார் இரண்டாவது வகையில் சேரும். வித்தியாசம் ரூ. 512. வருஷம் முழுவதற்கும் இவ்வளவுதான் சலுகை!

அடுத்த பங்குக்கு வாருங்கள். இது வண்டியின் மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மின்சார டியாகோ 2022 செப்டம்பரில் வந்தபோது அதன் ஆரம்ப விலை ரூ. 8 லட்சத்து 49 ஆயிரம். பெட்ரோல் டியாகோவைவிட ஏறக்குறைய மூன்று லட்சம் கூடுதல். மதிப்பு கூடினால் பிரீமியமும் கூடும். முன்வாசலில் கொடுத்த 512 ரூபாயைப் பின்வாசலில் பல மடங்காக வாங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

பழைய விதி, புதிய வண்டி

பணம் கூடுதலாகக் கட்டினாலும், ஆபத்துக் காலத்தில் முழு நஷ்ட ஈடு கிடைத்தால் குறை சொல்ல வேண்டியதில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

கார் இன்ஷூரன்ஸுக்கு வழிவழியாக வந்த தேய்மான விதி ஒன்று உண்டு. கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், டியூப், பேட்டரி இவற்றுக்கு 50 சதவீதம். அதாவது, இவற்றை மாற்ற நேர்ந்தால் பாதியைக் கம்பெனி தரும்; பாதியைச் சொந்தக்காரர் தரவேண்டும்.

இந்த விதியை எழுதியபோது பேட்டரி என்றால் என்ன? வண்டியைக் கிளப்பவும் விளக்கு எரிக்கவும் பயன்பட்ட, சில ஆயிரம் ரூபாய் பெறுமான பெட்டி. மூன்று நாலு வருஷத்தில் அது தீர்ந்துபோகும். அதை டயரோடு சேர்த்தது சரிதான். மின்சாரக் காரின் பேட்டரியோ காரின் விலையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. எட்டு வருஷம் உழைக்கும் என்று தயாரிப்பாளர்களே வாரண்டி தருகிறார்கள். பேர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடுமா? பல்லியும் முதலையும் ஒரு ஜாதி என்று சொல்வதைப் போலல்லவா இருக்கிறது!

கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு லட்ச ரூபாய்க் கார். பேட்டரி இரண்டரை லட்சம். சாலையில் கிடந்த கல் அடிப்பாகத்தில் மோதிப் பேட்டரி உடைந்தது. பழைய விதியை அப்படியே கையாண்டால் ஒன்றேகால் லட்சம் ஆசிரியரின் கையிலிருந்து போகும். சரிசெய்யும் செலவு வண்டியின் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் வண்டியே போய்விட்டதாகக் கருதி முழு மதிப்பைத் தருவார்கள். ஐந்தாவது வருஷத்தில் வண்டியின் மதிப்பு நாலு லட்சமாகிவிடும். அப்போதும் இரண்டரை லட்சம் அந்த எல்லையை எட்டாது. அவரை ஒடித்துப்போடப் போதுமான நஷ்டம். முழு ஈடு பெறப் போதாத நஷ்டம்!

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. தேய்மானம் பிடிக்காத 'பம்பர் டு பம்பர்' பாலிசி உண்டு. பேட்டரிக்கென்றே தனிச் சேர்க்கையும் சில கம்பெனிகள் தருகின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பணம். மலிவு வண்டி வாங்க வந்தவர் எதை வெட்டுவார்? இதைத்தான் முதலில் வெட்டுவார்.

கடலோரத்துக் கவலை

இந்தக் கவலை எல்லா ஊருக்கும் பொது. ஆனால் ராமநாதபுரம் கரைக்கு ஒரு பங்கு கூடுதல். பாம்பனின் உப்புக் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. 1914-ல் திறந்த ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்க வேண்டியதாயிற்று. துருவினால் வரும் பழுது தேய்மானம் எனப்படும். அதற்கு எந்தப் பாலிசியும் ஈடு தராது.

அடுத்தது தண்ணீர். 2024 நவம்பர் 20-ந் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வெள்ளம், புயலால் நேரும் சேதம் சாதாரண பாலிசியிலேயே அடங்கும். ஆனால் தண்ணீர் புகுந்த வண்டியை அவசரப்பட்டுக் கிளப்பினாலோ, சார்ஜ் போட்டாலோ, பிறகு வரும் பழுதைத் 'தொடர் விளைவு' என்று சொல்லி மறுக்க இடமுண்டு. அதிலும் கடல் நீர் பொல்லாதது. 2022-ல் அமெரிக்காவின் புளோரிடா கரையை இயான் புயல் தாக்கியபோது, உப்பு நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, நீர் வடிந்த பிறகு தீப்பற்றிக்கொண்டன. 1964-ல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதைக் கேட்டு வளர்ந்த ஜனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கம்பெனிகளின் பக்கமும் நியாயம் உண்டு

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தர்ம ஸ்தாபனங்கள் அல்ல. மின்சாரக் கார் அவர்களுக்கும் புதிது. பிரிட்டனில் தாட்சம் ஆராய்ச்சி நிலையம் 2023-ல் கணக்கெடுத்தபோது, பழுது பார்க்கும் செலவு மின்சாரக் காருக்குச் சுமார் 25 சதவீதம் அதிகம் என்று கண்டது. அதே வருஷம் அங்கே ஜான் லூயிஸ் நிறுவனம் மின்சாரக் கார்களுக்குப் புது இன்ஷூரன்ஸ் தருவதையே சிலகாலம் நிறுத்திவைத்தது. ஆகவே பிரீமியம் சற்றுக் கூடுதல் என்பதில் தப்பில்லை. கூடுதலாக வாங்கிக்கொண்டு, மிக விலையுயர்ந்த பாகத்துக்குப் பாதி ஈடு என்பதுதான் தப்பு.

செய்ய வேண்டியவை

முதலாவது, காரை ஓட்டும் பேட்டரியை டயர் வரிசையிலிருந்து எடுத்து, அதன் வயதுக்கேற்ற தனித் தேய்மான அட்டவணையை இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுக்க வேண்டும். எட்டு வருஷ வாரண்டியுள்ள பொருளுக்கு முதல் வருஷத்திலேயே பாதி கழிப்பது எந்த தராசிலும் நிற்காது.

இரண்டாவது, வரி. மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம்தான். அதன் இன்ஷூரன்ஸுக்கோ 18 சதவீதம். 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவ இன்ஷூரன்ஸுக்கு வரியை நீக்கியபோதும் இதைத் தொடவில்லை. வண்டி வாங்கு என்று தட்டிக்கொடுக்கும் கை, அதைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பவனிடம் வரி வசூலிக்கலாமா?

மூன்றாவது, பேட்டரிக்கு எவ்வளவு ஈடு, தண்ணீர் புகுந்தால் என்ன, சார்ஜருக்கு உண்டா இல்லையா என்பதைப் பாலிசியின் முதல் பக்கத்தில் தெளிவான தமிழில் அச்சிட வேண்டும்.

இவை நடக்கும்வரை வாங்குகிறவர்தான் விழிப்பாக இருக்கவேண்டும். கடையில் முன்பணம் கொடுக்கும் முன் இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டமானால், சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள். வண்டி விலையோடு ஐந்து வருஷ இன்ஷூரன்ஸையும் கூட்டிப் பாருங்கள். அதன் பிறகும் கட்டுப்படியானால் தாராளமாக வாங்குங்கள்.

கடலுக்குப் போகிறவன் காற்றைப் பார்த்துத்தான் பாய் விரிப்பான். கார் வாங்குகிறவரும் பாலிசியைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும்.