முட்டுச்சந்தில் பூவா தலையா போடாதீங்க

கஷ்டமான சுடோகு போடுற எல்லாருக்கும் இந்த இடம் தெரியும். முதல் பத்து நிமிஷம் எண்கள் மளமளன்னு விழும். அப்புறம் திடீர்னு எல்லாம் நின்னுடும். 81 கட்டத்துல பாதி நிரம்பியிருக்கும். மீதிப் பாதியில எந்த வரிசையைப் பார்த்தாலும், எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் உறுதியா ஒரு எண் கூட சொல்ல முடியாது.

இந்த இடத்துல பெரும்பாலானவங்க மூணுல ஒண்ணைச் செய்றோம். ஆப்ல இருக்கிற ஹின்ட் பட்டனை அமுக்குறோம். இல்லன்னா, ரெண்டு எண் மட்டுமே வரக்கூடிய ஒரு கட்டமாப் பார்த்து, "போட்டுப் பாப்போம், வந்தா வரட்டும்"னு ஒண்ணைப் போடுறோம். அதுவும் இல்லன்னா மூடி வச்சிட்டு ரீல்ஸ் பக்கம் போயிடுறோம். மூணாவது ஆளுங்க மேல எனக்கு வருத்தமே இல்லை. நாளைக்குத் திரும்பி வந்து அதே கட்டத்தைப் பார்க்கலாம். முதல் ரெண்டு பேர்கிட்டதான் எனக்குப் பேச வேண்டியிருக்கு.

நான் சொல்ல வர்றது இதுதான்: சுடோகு, மாட்டிக்கிற இடத்துலதான் ஆரம்பிக்குது. அதுவரைக்கும் கண்ணு மட்டும்தான் வேலை செஞ்சுது. அந்த இடத்துல பூவா தலையா போட்டீங்கன்னா, விளையாட்டோட நல்ல பகுதியை நீங்களே தூக்கிப் போடுறீங்க.

இந்தப் புதிருக்கு ஒரு வாக்குறுதி உண்டு. 1979இல் அமெரிக்காவின் டெல் பத்திரிகைகளில் ஹாவர்ட் கார்ன்ஸ் என்ற ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் உருவாக்கிய வடிவம் இது. 1984இல் ஜப்பானின் நிகோலி நிறுவனம் எடுத்துப் பிரபலமாக்கியது. சுடோகு என்ற ஜப்பானியப் பெயர் ஒரு நீளமான வாக்கியத்தின் சுருக்கம். நம்ம பாஷையில சொன்னா, "இலக்கங்கள் ஒண்டிக்கட்டையாத்தான் இருக்கணும்". 2004 நவம்பரில் லண்டன் டைம்ஸ் நாளிதழில் வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. அங்கே கொண்டு போய்ச் சேர்த்தவர் வேய்ன் கோல்ட். ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர். புதிர் உருவாக்கும் கணினி நிரலைப் பல வருஷம் உட்கார்ந்து தானே எழுதியவர்.

ஒழுங்காக உருவாக்கிய எந்தச் சுடோகுவுக்கும் விடை ஒண்ணே ஒண்ணுதான். அதுதான் அந்த வாக்குறுதி. விடை ஒண்ணுதான்னா, கொடுத்திருக்கிற எண்களுக்குள்ளேயே மத்த எல்லா எண்ணுக்கும் காரணம் ஒளிஞ்சிருக்கு. 2012இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த கேரி மெக்வயர் குழு, 16 எண்கள் மட்டும் கொடுத்து ஒரே விடை வரவைக்கிற சுடோகு இருக்கவே முடியாது, குறைந்தது 17 வேணும் என்று கணினியை வைத்துத் தேடி நிறுவியது. யோசிச்சுப் பாருங்க, வெறும் 17 எண்ணு மீதி 64 கட்டத்தையும் கட்டிப் போட்டுடும். அவ்வளவு காரணம் உள்ளே இருக்கும்போது, குத்துமதிப்பா ஒரு எண்ணை எதுக்குப் போடணும்?

"கம்ப்யூட்டரே அப்படித்தானே போடுது?"ன்னு சி.எஸ்.இ. நண்பர்கள் கேட்பாங்க. உண்மைதான். இரண்டாம் வருஷத்துல படிக்கிற பேக்டிராக்கிங் அதேதான். ஒரு எண்ணைப் போடு, முன்னாடி போ, முட்டினா திரும்பி வா, அடுத்ததைப் போடு. ஆனா கம்ப்யூட்டர் எங்கே கிளை பிரிஞ்சுதுன்னு ஒவ்வொண்ணையும் ஞாபகம் வச்சிருக்கும், ஒரு நொடியில ஆயிரக்கணக்கான தடவை திரும்பி வந்துடும். நமக்கு அப்படி இல்லை. பதினைஞ்சு எண்ணைத் தள்ளி ஒரே வரிசையில ரெண்டு 8 வந்து நிக்கும்போது, தப்பு எங்கேன்னு தெரியாது. மூணு இடத்துல பூவா தலையா போட்டீங்கன்னா, மூணுமே சரியா விழ எட்டில் ஒரு வாய்ப்புதான். விழுந்தாலும் கிடைக்கிறது நிரம்பின கட்டம் மட்டும்தான். பக்கத்துல இருக்கிறவன் "இங்க ஏன் 6?"ன்னு கேட்டா உங்ககிட்ட பதில் இருக்காது.

சரி, அப்ப மாட்டிக்கிட்டா என்ன செய்றது? முதல் வேலை, புது உத்தி தேடுறது இல்லை. பென்சில் குறிப்புகளைச் சரிபார்க்கிறது. ஒவ்வொரு காலிக் கட்டத்திலும் வரக்கூடிய எண்கள் எல்லாத்தையும் சின்னதா எழுதுங்க. ஒண்ணு கூட விடக்கூடாது, வர முடியாத ஒண்ணு கூட மிஞ்சி நிக்கக்கூடாது. இதைச் செய்யாம மனசுலேயே வச்சுக்கிட்டுப் போடுறவங்கதான் சீக்கிரம் மாட்டிக்கிறாங்க. அரைகுறைக் குறிப்பு குறிப்பே இல்லாததை விட மோசம். அதை நம்பி எடுக்கிற ஒவ்வொரு முடிவும் தப்பாகலாம்.

இரண்டாவது வேலை, கேள்வியை மாத்துறது. இதுவரை "இந்தக் கட்டத்துல என்ன வரும்?"னு கேட்டீங்க. இனிமே "இந்த எண் எங்கே வர முடியாது?"ன்னு கேளுங்க. பெரிய பெரிய பேர் வச்ச உத்திகள் எல்லாமே இந்த ஒரு கேள்வியோட வேஷங்கள்தான். அவை உங்களுக்கு நேரா விடை தராது. ஒரு குறிப்பை அழிக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு அழிப்புல நூல்கண்டோட முனை கைக்குக் கிடைக்கும்.

எளிதானதுல இருந்து வருவோம். இடது மேல் பெட்டியில 3 வரக்கூடிய கட்டம் ரெண்டுதான், ரெண்டுமே முதல் வரிசையில இருக்குன்னு வைங்க. எதுல வரும்னு தெரியாது. ஆனா அந்தப் பெட்டியோட 3 முதல் வரிசையிலதான் உட்காரப் போகுது. அப்ப முதல் வரிசையில மீதி ஆறு கட்டத்திலும் 3ஐ அழிச்சிடலாம். எங்கேன்னே தெரியாத ஒரு எண் வேற இடத்தைக் காலி பண்ணிடுச்சு பாருங்க.

அடுத்தது ஒளிஞ்சிருக்கிற ஜோடி. ஒரு பெட்டியில ஆறு கட்டம் காலி, எல்லாத்திலும் குறிப்பு நிறைஞ்சு வழியுது. நல்லா பார்த்தா 4ம் 9ம் அந்த ஆறுல ரெண்டு கட்டத்துல மட்டும்தான் இருக்கு. ஒண்ணுல 1, 4, 6, 9. இன்னொண்ணுல 2, 4, 9. ரெண்டு எண்ணுக்கு ரெண்டே இடம். அந்த இடத்துல வேற யாருக்கும் இடமில்லை. 1, 6, 2 எல்லாம் வெளியே. இதைக் கண்டுபிடிக்கக் கட்டத்தைப் பார்த்தா தெரியாது, எண்ணைப் பிடிச்சுக்கிட்டுத் தேடணும். 'எக்ஸ்பர்ட்' என்று போட்டிருக்கிற புதிர்கள் பலவற்றில் நாம மாட்டிக்கிறது இந்த ஜோடிகளை விட்டதால்தான். எக்ஸ்-விங் வரைக்கும் போகவே வேண்டியிருக்காது.

போக வேண்டி வந்தா, எக்ஸ்-விங் இப்படி. 7ஐ மட்டும் எடுத்துக்கோங்க. 2ஆம் வரிசையில 7 வரக்கூடிய இடம் 3ஆம், 8ஆம் நெடுவரிசை மட்டும். 6ஆம் வரிசையிலும் அதே 3, 8 மட்டும். மேல் வரிசையில 7 இடது பக்கம் வந்தா, கீழ் வரிசையில வலது பக்கம் வந்தே ஆகணும். மேலே வலதுன்னா கீழே இடது. எப்படிப் பார்த்தாலும் 3ஆம் நெடுவரிசைக்கு ஒரு 7, 8ஆம் நெடுவரிசைக்கு ஒரு 7 இந்த நாலு மூலைக்குள்ளேயே முடிஞ்சுது. அதனால அந்த ரெண்டு நெடுவரிசையிலும் மத்த வரிசைகள்ல இருக்கிற 7 எல்லாத்தையும் அழிக்கலாம். இதையே மூணு வரிசை, மூணு நெடுவரிசைன்னு விரிச்சா அதுக்கு ஸ்வோர்ட்ஃபிஷ்னு பேரு. பேருதான் பயமுறுத்தும். கணக்கு அதேதான்.

இப்ப எனக்குப் பிடிச்சது, எக்ஸ்ஒய்-விங். 5ஆம் வரிசை, 5ஆம் நெடுவரிசைக் கட்டத்துல 3 அல்லது 8. அதே வரிசையில முதல் நெடுவரிசைக் கட்டத்துல 3 அல்லது 6. மேலே 2ஆம் வரிசை, 5ஆம் நெடுவரிசைக் கட்டத்துல 8 அல்லது 6. நடுக்கட்டத்துல 3 வந்தா, பக்கத்துக் கட்டம் 6 ஆகணும். நடுவுல 8 வந்தா, மேல் கட்டம் 6 ஆகணும். எது நடந்தாலும் ரெண்டுல ஒரு இடத்துல 6 உறுதி. 2ஆம் வரிசையில முதல் நெடுவரிசைக் கட்டம் இருக்கே, அது இந்த ரெண்டையும் பார்க்குது. மேல் கட்டத்தோட ஒரே வரிசை, பக்கத்துக் கட்டத்தோட ஒரே நெடுவரிசை. அதனால அங்கே 6 வரவே முடியாது. அழிச்சிடுங்க.

உடனே ஒரு நியாயமான கேள்வி வரும். "3 வந்தா இப்படி, 8 வந்தா அப்படின்னு நீங்களும் போட்டுத்தானே பார்த்தீங்க? இதுக்கும் கெஸ் பண்றதுக்கும் என்ன வித்தியாசம்?"

கெஸ் பண்றவர் ரெண்டு வழியில ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, அது சரின்னு நம்பி நடக்கிறார். எக்ஸ்ஒய்-விங் போடுறவர் ரெண்டு வழியிலும் எட்டிப் பார்த்துட்டு, ரெண்டுக்கும் பொதுவானதை மட்டும் எடுத்துக்கிறார். நடுவுல 3ஆ 8ஆன்னு அவருக்கு இன்னும் தெரியாது, தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் இல்லை. கணக்கு வகுப்புல ஒற்றைப்படைக்கு ஒரு தடவை, இரட்டைப்படைக்கு ஒரு தடவைன்னு தனித்தனியா நிரூபிச்சு, ரெண்டிலும் வருது, அதனால எல்லா எண்ணுக்கும் உண்மைன்னு முடிப்போமே, அதே வேலை. ஒண்ணு தெரியாமலேயே இன்னொண்ணை உறுதியா சொல்ல முடியும்ங்கிறது சின்ன விஷயம் இல்லை. இந்தப் புதிர் கத்துத் தர்றதுல எனக்குப் பெரிசாத் தெரியறது அதுதான்.

மறுபக்கமும் சொல்லிடறேன். சில புதிர்கள் ரொம்பக் கொடூரம். பின்லாந்துக் கணிதவியலாளர் ஆர்ட்டோ இன்கலா உருவாக்கினவை மாதிரி. அதுல எக்ஸ்-விங்கும் எக்ஸ்ஒய்-விங்கும் பத்தாது. "இது 5ன்னா அது 2, அது 2ன்னா இது 7"ன்னு பத்துப் பன்னிரண்டு கட்டம் நீளமான சங்கிலி பிடிக்கணும். அங்கே காரணத்துக்கும் முயற்சிக்கும் நடுவுல இருக்கிற கோடு மங்கிடும், ஒத்துக்கிறேன். அப்பவும் ஒரு அளவுகோல் இருக்கு. போட்டுப் பார்த்ததை அழிச்சிட்டு, "இதனாலதான் இங்கே 5 வராது"ன்னு ஒரு வாக்கியத்துல சொல்ல முடிஞ்சா அது காரணம். சொல்ல முடியலைன்னா அது பூவா தலையாதான்.

"டைம்பாஸுக்கு ஆடுறதுக்கு இவ்வளவு சட்டமா?"ன்னும் கேட்கலாம். பஸ்ஸுல, மெஸ் வரிசையில ஆடுறீங்க, சரி. ஆனா இந்தப் பழக்கம் சுடோகுவோட நிக்கிறதில்லைன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். புரோகிராம் ஓடலைன்னா அங்க ஒரு பிளஸ் ஒன், இங்க ஒரு மைனஸ் ஒன் போட்டுப் பார்க்கிறோம். அவுட்புட் வந்துடுது. வைவாவுல "ஏன் இங்க மைனஸ் ஒன்?"னு கேட்டா முழிக்கிறோம். சர்க்யூட் வேலை செய்யலைன்னா ஒவ்வொரு வயரா பிடுங்கிச் சொருகுறோம். வேலை செஞ்சுடுது, எதனாலன்னு தெரியல. நாளைக்கு அதே கோளாறு வந்தா மறுபடியும் முதல்ல இருந்து. மாட்டிக்கிட்ட இடத்துல பொறுமையா உட்கார்ந்து "எது இல்லை"ன்னு ஒவ்வொண்ணா அழிக்கிற பழக்கத்தை, மார்க் போகாத, யாரும் திட்டாத ஒரு இடத்துல பழகிக்க முடியும்னா அது சுடோகுதான்.

ஹின்ட் பட்டனை மொத்தமா விட்டுடுங்கன்னு நான் சொல்லல. சில ஆப்கள்ல ஹின்ட், எண்ணைக் காட்டுறதுக்கு முன்னாடி உத்தியோட பேரையும் எந்தக் கட்டங்கள்னும் காட்டும். அதோட நிறுத்திட்டு, காரணத்தை நீங்களே கண்டுபிடிங்க. நேரா எண்ணை நிரப்புற ஹின்ட்டா இருந்தா, அது நிரப்பின பிறகாவது "ஏன்?"னு தேடிப் பாருங்க. காரணம் கிடைக்கிற வரைக்கும் அடுத்த கட்டத்துக்குப் போகாதீங்க.

இன்னிக்கு ராத்திரி ஒரு கஷ்டமான புதிரை எடுங்க. முடிஞ்சா பேப்பர்ல. ரூம்மேட்டைப் பக்கத்துல உட்கார வைங்க. நீங்க அழிக்கிற ஒவ்வொரு குறிப்புக்கும் "ஏன்?"னு கேட்கிறது மட்டும்தான் அவன் வேலை. பாதியில நின்னு போனா போகட்டும், காலையில பார்த்துக்கலாம். குறிப்பு எல்லாம் பேப்பர்ல அப்படியே இருக்கும்.