கத்தி எந்த நாளில்?

நிமோனியா வந்த குழந்தைக்கு ஒரு வாரமாகியும் காய்ச்சல் இறங்கவில்லை, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னதும் வீடு இரண்டு கட்சியாகிவிடும். பிஞ்சு விலாவில் ஓட்டை போடவிட மாட்டோம், மருந்திலேயே பார்ப்போம் என்பது ஒரு கட்சி. நாகர்கோவிலில் வைத்திருந்து பிரயோஜனமில்லை, திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் உடனே ஆபரேஷன் செய்துவிடலாம் என்பது இன்னொன்று. இரண்டு தரப்பும் நாள் கணக்கைக் கேட்க மறந்துவிடுகின்றன. 1918-இல் அமெரிக்க ராணுவ முகாம்களில் நெஞ்சில் சீழ் கோத்த வீரர்களுக்கு உடனுக்குடன் விலாவைத் திறந்தார்கள். நூற்றுக்கு முப்பது பேர் இறந்தார்கள். சீழ் இன்னும் நீர்த்திருக்கும்போது திறந்தால் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிடுகிறது என்று சர்ஜன் எவர்ட்ஸ் கிரஹாம் இருந்த ராணுவ ஆய்வுக்குழு கண்டுபிடித்தது. திறப்பதைத் தள்ளிப்போட்டு, காற்றுப் புகாத முறையில் வடித்த பிறகு சாவு பெருமளவு குறைந்தது. கத்தி அதேதான், நாள்தான் மாறியது.

நுரையீரலைச் சுற்றிய இரு மெல்லிய உறைகளுக்கு நடுவே முதலில் சேர்வது வெறும் நீர். அது குழாயில் எளிதாக வடியும். சில நாளில் சீழாகி, நார் படிந்து, தேன்கூடுபோல அறை அறையாகத் தடுத்துக்கொள்கிறது. அப்போது குழாய் போட்டால் ஓர் அறை வடியும், மற்றவை அப்படியே கிடக்கும். வாரக்கணக்கில் விட்டாலோ தடித்த தோல் கட்டி நுரையீரலை விரியவிடாமல் இறுக்கும். அதை உரித்தெடுக்கப் பெரிய அறுவைதான் வேண்டியிருக்கும். சர்ச்சையெல்லாம் நடு நிலையைப் பற்றியது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை 60 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நுண்துளை அறுவையும் மறு பிரிவுக்குக் குழாய் வழியே நாரைக் கரைக்கும் யூரோகைனேஸும் கொடுத்து, 2006-இல் முடிவை வெளியிட்டது. மருத்துவமனையில் தங்கிய நாள்களில் வேறுபாடில்லை. செலவு அறுவைக்குத்தான் அதிகம். 2009-இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி ஆய்வும் அதையே சொன்னது. அங்கே மருந்து பெற்ற 18 பேரில் மூவருக்குப் பிறகு அறுவை தேவைப்பட்டது. ஆக, முதலில் குழாயும் மருந்தும் என்பதே நியாயம். அந்த மூவரைத் தாமதமின்றி அடையாளம் காண்பதுதான் உண்மையான சோதனை.

அவை சீமைக் குழந்தைகளின் கணக்கு, நம் குழந்தைகள் மெடிக்கல் ஷாப் மாத்திரையில் பத்து நாள் கழித்துவிட்டு வருகிறவர்கள் என்று மறுக்கலாம். மறுப்பில் உண்மை இருக்கிறது. இங்கே ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிதான் அதிகம் என்று சண்டிகர் மருத்துவர்களின் பத்தாண்டுத் தொகுப்பும் காட்டியிருக்கிறது. காசநோயையும் ஒதுக்கிவிட முடியாது, எனவே எடுத்த சீழை அதற்கும் சோதித்தாக வேண்டும். ஆனால் பிந்தி வருவது எல்லாரையும் நேரே அறுவை மேசைக்கு அனுப்பக் காரணமாகாது. நீரா, அறைகளா, தடித்த தோலா என்று அன்றே அல்ட்ராசவுண்டில் பார்க்கக் காரணமாகும். (தடுப்புகள் சிடி ஸ்கேனைவிட இதில்தான் நன்றாகத் தெரியும், கதிர்வீச்சும் இல்லை. செலவு கூடிய ஸ்கேன்தான் உயர்ந்தது என்ற நம் பழக்கத்தை என்ன சொல்ல!) ஒரேயடியாக அறுவை முடித்தால் குழந்தைக்கு வலி மிச்சம் என்ற வாதம், சின்ன நெஞ்சில் பழகிய சர்ஜனும் மயக்க மருத்துவரும் அருகிலிருக்கும் ஊருக்குப் பொருந்தும். நாகர்கோவிலிலிருந்து அப்படிப்பட்ட இடத்துக்கு ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் போக வேண்டுமென்றால், கணக்கு வேறு.

நாகர்கோவிலின் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி வளாகம் முன்பு காசநோய் மருத்துவமனையாக இருந்தது. நெஞ்சுச் சீழ் அந்த மண்ணுக்குப் புதிதல்ல. குழாய், அல்ட்ராசவுண்ட், கரைக்கும் மருந்து மூன்றும் மாவட்ட அளவில் முடிகிற காரியங்கள். கூடவே எழுதி வைத்த ஒரு விதியும் வேண்டும்: குழாய் போட்ட நாலைந்து நாளில் காய்ச்சல் தணியாமல், ஸ்கேனில் சீழும் குறையாமல் இருந்தால், பெற்றோர் கேட்கும்வரை காத்திராமல் அன்றே சர்ஜனிடம் பேச வேண்டும், ஆம்புலன்ஸ் எந்த ஊருக்கு என்பதும் அன்றே முடிவாக வேண்டும்.