வளர்ப்பின் குற்றமா?

மனச்சிதைவு நோய் கண்ட பிள்ளையைச் சுட்டி, வளர்ப்புச் சரியில்லையெனத் தாயைக் குறை கூறுகிறோம். மேனாட்டு வைத்தியருள்ளும் ஒருகாலத்தில் அவ்வாறு கூறினோர் பலர். அக்கூற்றைச் சோதித்தவர் அமெரிக்க மூளை ஆய்வாளர் சீமோர் கெற்றி. 1948இல் அந்நோயாளரின் மூளையிற் பாயும் இரத்தத்தை அளந்தார். மொத்த அளவில் வேறுபாடு காணவில்லை. மனந்தளராது, பின்னர் டென்மார்க்கின் தத்துப் பதிவேடுகளை நாடினார். பிறர் வீட்டில் வளர்ந்து இந்நோய்க்கு ஆளானோரின் உறவினரை ஆராய்ந்தார். 1968இல் சகாக்களுடன் வெளியிட்ட முடிவு யாது? நோய் மிகுந்திருந்தது பெற்றோர் வழியிலேயே, வளர்த்தோர் வழியிலன்று.

பரம்பரை எவர் பிழையுமன்று, மாறா விதியுமன்று. ஒத்த இரட்டையருள் ஒருவர் நோயுற, மற்றவர் நலமாயிருத்தலும் உண்டு. அயல்வீட்டில் இத்துன்பம் நேரின், பழிச்சொல்லை விடுத்து, வைத்தியரிடம் செல்ல நாம் வழித்துணையாவோம்.