கறுப்பின முதியோரும் வைத்தியமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க முதியோர் வைத்தியம் பற்றிய தங்கள் கட்டுரையில் கறுப்பின மக்களைக் குறித்து ஒரு சொல்லும் இல்லாதது விசனமளித்தது. 1932 முதல் 1972 வரை, அலபாமாவின் டஸ்கீகீயில், மேகப்புண் நோயுற்ற கறுப்பின ஆடவர் ஏறத்தாழ 400 பேருக்கு, பெனிசிலின் கைக்கெட்டிய பின்னரும் அதனைக் கொடாமல், சர்க்கார் வைத்தியர்களே நோயின் போக்கைக் குறித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அறிந்தவர்க்கு, அங்குள்ள 80 வயதுப் பாட்டி ஊசியைக் கண்டு தயங்குவது மூடத்தனமாகத் தோன்றாது. 1966இல், நிறபேதம் பாராட்டும் ஆஸ்பத்திரிகளுக்கு, முதியோருக்கான சர்க்கார் வைத்தியக் காப்பீடாகிய மெடிகேரின் பணம் இல்லையென்று விதித்த பிறகே தென்மாகாணங்களில் பல ஆஸ்பத்திரி வாயில்கள் கறுப்பினத்தாருக்குத் திறந்தன. இன்றும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருத்த தோலில் பிராணவாயுவை உள்ளதைவிட அதிகமாகக் காட்டிவிடுவதுண்டு; எண் சரியாயிருக்கிறதென்று, மூச்சுத் திணறும் கிழவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவது எத்தகைய அநீதி! இதைப் பற்றியும் தாங்கள் விரிவாக எழுதுவிக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்